ரோனாக் கப்பல் பிள்ளை

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பெயர். கடையில் வாங்கும்போது எலுமிச்சம்பழம். அப்பாயி கேட்டால் நிம்பு. "அடியே, ரெண்டு நிம்பு எடுத்தா", "ரசத்துல நிம்பு பிழிஞ்சியா இல்லியா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவளுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. பினாங்கில் பிறந்த நான் அதை மலாய்ச் சொல் என்றே நினைத்திருந்தேன். முதலாம் வகுப்பில் டீச்சர் 'லீமாவ்' என்று சொல்லிக்கொடுத்த அன்றுதான் குழப்பம் வந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது கப்பல் பேச்சுடி" என்றாள். அதோடு சரி. மேற்கொண்டு கேட்டதற்கு, போய்க் கைகால் கழுவு என்று விரட்டிவிட்டாள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பையன் இருந்தான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவன் பெயர் எனக்குத் தெரியாது, அப்பாயிக்கும் தெரியாது.

அப்பாயி 1937-இல் பினாங்குக்கு வந்தாள். வயது 16. கல்யாணமாகி ஐந்து மாதம். தாத்தா முன்பே இங்கே வந்து, துறைமுகத்தை ஒட்டிய வெல்டு கீ தெருப் பக்கம் ஒரு கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவளுடைய அண்ணன் நாகப்பட்டினம் வரைக்கும் கூட வந்து, இங்கே வந்துகொண்டிருந்த இன்னொரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கப்பலின் பெயர் ரோனா.

அந்தத் தலைமுறைக்குக் கப்பல் பெயரும் ஊர்ப் பெயர் மாதிரிதான். இரண்டு பெரியவர்கள் சந்தித்தால் முதலில் எந்த ஊர் என்பார்கள், அடுத்து எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்பார்கள். பெரும்பாலும் பதில் ரஜூலா. அந்தப் பெயரைக் கேள்விப்படாத மலேசியத் தமிழ்க் குடும்பம் இருக்காது. 1926-இல் கட்டிய ரஜூலா 1973 வரை இந்தக் கடலில் போய் வந்துகொண்டிருந்தது. ரோனா அதன் உடன்பிறப்பு. அதே வருஷம், அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, அதே பாதை: மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, இப்போது கிள்ளான் துறைமுகம் என்கிறோமே அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். 8,602 டன் கப்பல். டெக் டிக்கெட்டில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. அக்காள் தங்கை போல இரண்டும் மாறி மாறி நம் ஆட்களை இங்கே கொண்டுவந்து இறக்கின. மூத்தோர் பேச்சிலும் கதைகளிலும் ரஜூலா நின்றுவிட்டது. ரோனாவை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாத கடல். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைச் சலங்கு என்கிற படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அலை சலங்கைத் தூக்கும்போது கப்பலின் ஏணிப்படி கைக்கு எட்டும், இறக்கும்போது ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். தூக்குகிற அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். அப்பாயி வைக்கவில்லை, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மேலே நின்ற ஒரு கலாசிப் பையன், கப்பல் வேலைக்காரன், அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் படியில் ஏற்றினான். அந்தப் பிடியில் அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல் மூன்று நொறுங்கிப்போனது. இரண்டு சிவப்பு, ஒன்று பச்சை.

புதுப்பெண் கை வளையல் நடுக்கடலில் உடைந்தால் கூட வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் குடும்பத்துக் கிழவி அவனைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஏச்சு மட்டும் எல்லா மொழியிலும் புரியுமே. நின்ற இடத்தில் குனிந்து உட்கார்ந்து, படியிலும் தளத்திலும் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தானாம். வெறுங்காலோடு நிற்கிற குழந்தைகளைக் கையால் விலக்கிவிட்டுக்கொண்டே பொறுக்கினான். "எம்மேல தப்பு, நாந்தான் கண்ண மூடிட்டேன். அதச் சொல்ல எனக்கு வாய் வரல" என்று முப்பது வருஷம் கழித்துச் சொல்லும்போதும் அப்பாயிக்குக் குரல் இறங்கியது.

அன்று ராத்திரியே கடல் புரட்ட ஆரம்பித்துவிட்டது. டெக்கில் பாய்க்குப் பாய் ஆள். அப்பாயிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. விடிந்ததும் தளம் கழுவ வந்த பையன்களில் அவனும் இருந்தான். அவளைப் பார்த்துவிட்டுப் போனவன், ஒரு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தான். தண்டம் கட்டுகிறவன் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் வாங்கவில்லை. அவன் பாயின் ஓரத்தில் குந்தி, கட்டைவிரல் நகத்தால் பழத்தின் தோலை மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறி, தன் மூக்கருகே வைத்து மோந்து காட்டினான். "நிம்பு" என்றான். பிறகு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த நகம் சாயம் ஏறிக் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு தகரத் தாயத்து. அவன் முகம் நாளாக ஆக மங்கிப்போயிற்று, அந்தக் கட்டைவிரல் மட்டும் அப்படியே இருக்கிறது என்பாள்.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரு நிம்பு. ஆறு நாளோ ஏழு நாளோ. கடைசி நாள் விடிகாலையில் பினாங்கு மலை கறுப்பாகத் தெரிந்தபோது, வடம் சுற்றிக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே கையைக் காட்டி "பினாங், பினாங்" என்று சத்தம் போட்டான். அப்பாயி தகர டின்னைத் திறந்து பொரிவிளங்காய் உருண்டை நாலை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஒன்றை அப்போதே கடித்தான். பொரிவிளங்காய் உருண்டையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது பல்லுக்குச் சுலபத்தில் மசியாது. அவன் முழித்ததைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தது.

அவன் எந்த ஊர்க்காரனாக இருந்திருப்பான் என்று நானும் எவ்வளவோ யோசித்திருக்கிறேன். அந்தக் கப்பல்களில் சிட்டகாங், நவகாளி, சில்ஹெட், சூரத், ரத்னகிரி, கோவா என்று பல கரைகளின் பிள்ளைகள் வேலை செய்தார்கள். வங்காளத்தான் தன் வீட்டில் லேபு என்பான். குஜராத்தியும் மராட்டியனும் லிம்பு என்பார்கள். நிம்பு என்பது இந்துஸ்தானி. கலாசிகளுக்குத் தலைவனான சாரங்கு விசிலடித்து உத்தரவு போட, பல ஊர்ப் பையன்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளக் கப்பலுக்குள் வைத்திருந்த பொதுப் பேச்சு அது. அப்பாயி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், கப்பல் பேச்சு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் ஊருக்குப் போய்ச் சேர முடியாது. கப்பலோடு நின்றுவிடும்.

பிறகு போர் வந்தது. ரோனாவைத் துருப்புக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளை மாலுமிகளோடு ஒப்பிட்டால் கால்வாசிக் கூலிகூட இல்லாமல் அதே கடலில் அதே ஆபத்தில் வேலை செய்தவர்கள் இந்தக் கலாசிகள். 1939-இல் போர் தொடங்கியதும் கூலியை உயர்த்து என்று பல துறைமுகங்களில் வேலை நிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர் இந்தியர். அவர்கள் இல்லாமல் அந்தக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகர்ந்திருக்காது.

இங்கே 1941 டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு விழுந்தது. 19-ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வந்துவிட்டான். தாத்தாவின் கிட்டங்கி எரிந்தது. அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்கும், வாழைமரப் படம் போட்ட ஜப்பான்காரனின் நோட்டும்தான். 1943 கடைசியில் பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மன்காரனின் நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்து நின்றன. வெள்ளைக்காரன் தோற்று ஓடிய தெருவில் மறுபடியும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நடப்பதைப் பார்த்து ஜனங்கள் குழம்பிப்போனார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். ஜெர்மன் மாலுமிகள் பினாங்குத் தெருவில் நடந்துகொண்டிருந்த அதே நவம்பரில்தான், உலகத்தின் மறுபக்கத்தில் ஜெர்மன் விமானம் ஒன்று ரோனாவை அடித்தது.

1943 நவம்பர் 26. ரோனா முந்தின நாள் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து, மற்றக் கப்பல்களோடு கூட்டமாகப் புறப்பட்டிருந்தது. உள்ளே ஏறக்குறைய 2,000 அமெரிக்கச் சிப்பாய்கள். சூயஸ் வழியாகப் பம்பாய்க்குப் போக வேண்டும். அதாவது, சிப்பாய்களுக்கு அது போர்முனைக்குப் போகிற பயணம். கலாசிகளுக்கு வீட்டுக்குத் திரும்புகிற பயணம். சாயங்காலம் விமானங்கள் வந்தன. ஒன்று ஏவிய குண்டு சாதாரணக் குண்டு இல்லை. இறக்கை வைத்தது, விமானத்தில் உட்கார்ந்துகொண்டே ரேடியோ மூலம் திருப்பித் திருப்பி ஓட்டிக் கொண்டுவந்து மோத வைக்கக்கூடியது. அப்போது உலகத்துக்கே புதிது. அது கப்பலின் இடது பக்கத்தில் இறங்கி உள்ளே வெடித்தது. ரோனா எரிந்து, இருட்டுகிற நேரத்தில் மூழ்கியது. பெரிய அலை, குளிர்ந்த தண்ணீர். உயிர்காப்புப் படகுகள் சில வெடிப்பிலேயே சிதறின, பல இறங்காமல் சிக்கிக்கொண்டன. பயோனியர் என்ற, கடலில் கண்ணிவெடி வாருகிற சின்ன அமெரிக்கக் கப்பல் ராத்திரியில் தண்ணீரிலிருந்து 600 பேருக்கு மேல் தூக்கி எடுத்தது.

1,015 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்துப்போனார்கள். எதிரி தாக்கிக் கடலில் அமெரிக்கத் துருப்புகள் இத்தனை பேர் ஒரே கப்பலில் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் புது ஆயுதத்தைப் பற்றி வெளியே தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் விஷயத்தை மூடிவைத்தது. பிழைத்தவர்களை வாய் திறக்கக்கூடாது என்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் என்ன நடந்தது என்று தெரியாமலே வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் போராடி, 1996-இல் அலபாமா மாநிலத்தில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களும் இருபது வயதுப் பிள்ளைகள்தான்.

ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகு இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. பிழைத்த சிப்பாய்களின் நினைவுகளில் கலாசிகள் வருகிற இடங்கள் குறைவு. வருகிற இடத்திலும் ஒரே பேச்சு: அவர்கள் முதலில் படகில் ஏறி ஓடிவிட்டார்கள். நான் அந்தச் சிப்பாய்களைக் குறை சொல்லவில்லை. தீப்பிடித்த கப்பலில், இருட்டில், தெரியாத மொழியில் கத்திக்கொண்டு ஓடுகிற மனிதர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். சிலர் ஓடியும் இருப்பார்கள். யூனிபாரம் போடாத, துப்பாக்கி தொடாத கூலிக்காரப் பிள்ளைகள் எரிகிற கப்பலிலிருந்து ஓடியதில் என்ன குற்றம்? படகுகளைக் கட்டி இறக்குவதே அவர்கள் வேலை. படகுக்கு அருகில் அவர்களைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பது?

கணக்கைப் பாருங்கள். அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். ரோனாவின் மாலுமிகள் ஏறக்குறைய 200 பேரில் பாதிக்கு மேல் இறந்தார்கள். எல்லோரும் முதலில் ஓடித் தப்பித்தவர்கள் என்றால் இத்தனை பேர் எப்படிச் செத்தார்கள்? அடுப்படியில், என்ஜின் அறையில், தளத்தில், படகுக் கயிற்றருகே செத்தார்கள். அவர்களில் ஒருவனாவது கடைசி நேரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருப்பான் என்று நான் நம்புகிறேன். கண்ணை மூடிக்கொண்ட ஒருத்தியை அப்படி இழுத்த கை ஒன்று அந்தக் கப்பலில் இருந்தது எனக்குத் தெரியும்.

அந்தப் போரில் கடலோடு போன இந்திய மாலுமிகளுக்குத் தனித்தனிக் கல் இல்லை, புத்தகம் இருக்கிறது. 6,000-க்கும் அதிகமான பெயர்கள் எழுதிய ஏடு. ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையில், ஒரு பிரதி மும்பையில் மாலுமிகள் இல்லத்தில். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேரின் பெயர் அதில் இருக்கிறது. எங்களுடையவனின் பெயர் தெரிந்திருந்தால் இந்நேரம் சிட்டகாங்கில் போய் நின்றிருப்பேன்.

அப்பாயிக்கு இந்த விவரம் ஒன்றும் தெரியாது. அவளுக்கு 1969-இல் ஒரே ஒரு கை அசைவில் எல்லாம் தெரிந்தது.

அந்த வருஷம் அவள் ஊருக்குப் போனாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்கு எட்டு வயது. ரஜூலாவில் அப்போது பெரும் கூட்டம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வந்த வேலை பெர்மிட் சட்டத்தால் பிழைப்பு போய், தகரப் பெட்டியும் தையல் மெஷினுமாக ஊர் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நரைத்த தாடியோடு ஒரு வயதான சாரங்கு எங்கள் பக்கம் வந்தார். அப்பாயி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள். இந்துஸ்தானி அவளுக்கு ஒரு சொல்தான் தெரியும், அது இதற்கு உதவாது. அதனால் தஞ்சோங் மார்க்கெட்டில் மீன் வாங்குகிற மலாயில் கேட்டாள்: "ரோனா மானா?" ரோனா எங்கே என்று.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலது கையை நெஞ்சுக்கு நேராக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். இடுப்பு வரைக்கும் வந்து நின்றது கை. "டூப் கயா" என்றார். மூழ்கிப்போச்சு. அப்புறம் அவரும் மலாயில், "சுடா லாமா, மக்" என்றார். ரொம்ப நாளாச்சு அம்மா.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிவிட்டபடியே வளையல் கதையையும் நிம்புக் கதையையும் அப்பாயி சொன்னாள். அதுவரைக்கும் தாத்தாவிடம்கூடச் சொன்னதில்லையாம். இடையில் ஒரு தடவை பின்னலை விட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பின்னினாள்.

ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை அந்தியில் என்னைச் சூலியா தெரு நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போனாள். தாயத்துக் கட்டிய பிள்ளை துலுக்கப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவர்களுக்கு நாகூர் ஆண்டவர் வேறு வீட்டுச் சாமி இல்லை. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை, முகம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியை வீசி அடைத்தவர் என்று எங்கள் வீட்டிலும் கதை சொல்வார்கள். கடலில் போகிறவர்களுக்கு அவர்தான் காவல்.

சர்க்கரைப் பொட்டலத்தையும் ஊதுவத்தியையும் வாங்கிக்கொண்ட பாய், "யார் பேர்ல பாத்தியா ஓதணும்?" என்று கேட்டார்.

அப்பாயி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "ரோனாக் கப்பல் பிள்ளைன்னு ஓதுங்க பாய்."

"பேரு சொல்லும்மா. அத்தா பேராவது தெரியுமா?"

"தெரியாது பாய். ஆண்டவருக்குத் தெரியும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடி, கைகளை விரித்து ஓதினார். வெளியே ரிக்‌ஷா மணிச் சத்தம். ஓதி முடித்துச் சர்க்கரையைத் தாளில் மடித்துக் கொடுத்தபோது, அப்பாயி துணிப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை போனோம். தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே அவர் விரிப்பை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டே கேட்டார்:

"ரோனாக் கப்பல் பிள்ளைக்குத்தானே?"